ஆறு ராத்திரி தேனிலவும் குற்றாலத்து ஆஃப் சீசனும்

கல்யாணமே ஆகாதவன், விடுதி அறையில் ஒரு ரசம்கூட ஒழுங்காக வைக்கத் தெரியாதவன், தேனிலவுக்கு எந்த ஊருக்குப் போகலாம் என்று எழுதுவதா? என்னோடு படித்தவர்கள் சிரிக்கும் சத்தம் இங்கே வரை கேட்கிறது. சிரித்துக்கொள்ளுங்கள் :-) ஆனால் எங்கள் வீட்டில் இந்தப் பொறுப்பு என் தலையில்தான் விழுந்தது. நான் ஜெர்மனியில் டிரெஸ்டனில் மேல்படிப்பு படிக்கிறேன். இரண்டு குளிர்காலம் பார்த்தாகிவிட்டது. எங்கள் அம்மாவின் கணக்குப்படி, ஐரோப்பாவில் எனக்குத் தெரியாத சந்து பொந்து கிடையாது.

விஷயம் இதுதான். அக்காவுக்குத் தை மாதம் கல்யாணம் என்று முடிவானது. பெரியவர்கள் பார்த்து வைத்த சம்பந்தம். மாமாவுக்கு (அப்போது அவர் மாமா ஆகவில்லை, இருந்தாலும் இருக்கட்டும்) கம்பெனியில் 15 நாள் லீவு. அதில் கல்யாணம், வரவேற்பு, மறுவீடு, குலதெய்வம் கோயில், விருந்து என்று ஏழு நாள் போய்விடும். மிச்சம் எட்டு நாள். போக ஒரு நாள், வர ஒரு நாள். கையில் நிற்பது ஆறு ராத்திரி. பணம், அக்கா ஐந்து வருஷம் வேலை பார்த்துச் சேர்த்த மூன்றரை லட்சம். இது என் செலவு, வேறு யாரும் போடக்கூடாது என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள்.

மாப்பிள்ளை வீட்டில் ஒருவர், பாவம் நல்ல மனசோடுதான், ஒரு டூர் பேக்கேஜ் தாளைக் கொண்டு வந்து கொடுத்தார். எட்டு நாளில் ஆறு நாடு. பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, இத்தாலி. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அன்றைக்கு ராத்திரி அக்கா எனக்குப் போன் செய்தாள்.

"டேய், ஆறு நாடாம்டா. நானும் அவரும் நேர்ல பார்த்துக்கிட்டதே மூணு தடவை. இதுல நாங்க எப்படா பேசிக்கிறது?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடியதில் எனக்குத் தோன்றியதைத்தான் எழுதுகிறேன். அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன், அதனால் யாரும் கவலைப்பட வேண்டாம்.

முதலில் அந்த ஆறு நாட்டுக் கணக்கைப் பார்த்துவிடுவோம். பாரிஸில் இறங்கி, பிரஸ்ஸல்ஸ் வழியாக ஆம்ஸ்டர்டாம், அங்கிருந்து கொலோன், அங்கிருந்து லூசர்ன், கடைசியில் வெனிஸ். சாலை வழியாகக் கூட்டிப் பார்த்தால் 1,800 கிலோமீட்டருக்கு மேல். நம்ம ஊர் கணக்கில் சென்னையிலிருந்து பஸ்ஸில் கன்னியாகுமரி போய், திரும்பிச் சென்னை வந்து, மறுபடியும் மதுரை வரை போவது மாதிரி. புதுசாகக் கல்யாணமான யாராவது இப்படிப் போவார்களா? ஐரோப்பா என்றால் மட்டும் போகிறோம்.

இதில் ஒரு வேடிக்கை. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டப்படி பஸ் டிரைவர் நாலரை மணி நேரம் ஓட்டினால் முக்கால் மணி நேரம் கட்டாயம் ஓய்வு எடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் சாதாரணமாக ஓட்டவும் கூடாது. டிரைவரைக் காப்பாற்றச் சட்டம் இருக்கிறது. பின் சீட்டில் உட்கார்ந்திருக்கும் தேனிலவுத் தம்பதியைக் காப்பாற்றத்தான் ஒரு சட்டமும் இல்லை!

பேக்கேஜ் போகிறவர்களைக் கிண்டல் செய்வது என் நோக்கம் இல்லை. ஏன் அப்படிப் போகிறார்கள் என்பது எனக்குப் புரிகிறது. நமக்கு ஐரோப்பா என்பது பக்கத்து ஊர் இல்லை. ஆளுக்கு 90 யூரோ விசாக் கட்டணம் (2024 ஜூனிலிருந்து இந்தக் கட்டணம்), 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு, பேங்க் ஸ்டேட்மென்ட், கைரேகை என்று இத்தனை பாடுபட்டுப் போகும்போது, எல்லாவற்றையும் ஒரே தடவையில் பார்த்துவிடலாம் என்று தோன்றுவது நியாயம்தான். அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு போவதாக இருந்தால் நானும் அப்படித்தான் போவேன். சாப்பாட்டுக்கும் வழிக்கும் ஆள் இருப்பார்கள், பெரியவர்களுக்கு நிம்மதி. ஆனால் தேனிலவு வேறு சமாச்சாரம். அதில் பார்க்க வேண்டிய முக்கியமான காட்சி பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆள். இடம் அதற்கு ஒரு சாக்கு. சாக்கு சொல்வதற்கு ஒரு ஊர் போதும். ரொம்ப ஆசைப்பட்டால் இரண்டு.

சரி, ஒரே ஊர் என்றால் எந்த ஊர்? இங்கேதான் 'ஆஃப் சீசன்' என்ற வார்த்தை நம்மைக் குழியில் தள்ளுகிறது.

குற்றாலத்துக்கு ஆஃப் சீசனில் போயிருக்கிறீர்களா? நாங்கள் ஒருமுறை மார்ச் மாதம் போனோம். ரூம் வாடகை பாதிதான். கூட்டமே இல்லை. அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அருவிக்குப் போய்ப் பார்த்தால் பாறைதான் இருந்தது. தண்ணீர் இல்லை! விலை ஏன் குறைந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

என் முழுக் கருத்தும் இந்த ஒரு சம்பவத்தில் அடக்கம். ஆஃப் சீசனில் ஒரு ஊர் மலிவாக இருந்தால், அங்கே என்ன இல்லாததால் மலிவு என்று கேளுங்கள். கூட்டம் மட்டும் இல்லை என்றால் உடனே டிக்கெட் போடுங்கள். அருவியே இல்லை என்றால் வேண்டாம்.

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு ஜனவரி, பிப்ரவரி மாத ஐரோப்பாவை ஒரு சுற்று சுற்றிப் பார்ப்போம். நமக்குத் தையில்தான் கல்யாணங்கள் குவியும். ஆகவே நம்மில் பலருக்கு இந்த மாதங்கள்தான் வாய்க்கும்.

சான்டோரினி. கிரேக்கத் தீவு. வெள்ளை வீடு, நீலக் கூரை, எல்லா டிராவல்ஸ் விளம்பரத்திலும் இருக்கும். நவம்பரிலிருந்து மார்ச் வரை அங்கே ஹோட்டல்களில் பெரும்பாலானவை பூட்டியிருக்கும், சாப்பாட்டுக் கடைகளும் அப்படியே. கடலில் இறங்க முடியாத குளிர், மேலே காற்று வேறு. இது குற்றாலம் கேஸ். அருவி இல்லை.

சுவிட்சர்லாந்து. நம் சினிமாப் பாட்டுகள் செய்த வேலையில் தேனிலவு என்றாலே இதுதான் ஞாபகம் வருகிறது. ஆனால் பாட்டில் வரும் பச்சைப் புல்வெளி கோடைக்காலத்துச் சமாச்சாரம். பிப்ரவரியில் மலை ஊர்களுக்கு அது ஆஃப் சீசனே இல்லை. பனிச்சறுக்குக்காக ஐரோப்பாக்காரர்களே பிள்ளைகளின் பள்ளி விடுமுறையில் குவியும் நேரம், விலை உச்சத்தில் இருக்கும். கீழே சமவெளி ஊர்களில் மூடுபனி பல நாள் அப்படியே நிற்கும். யுங்ஃப்ராவ் ரயில் 3,454 மீட்டர் உயரத்துக்கு அழைத்துப் போகும், 1912-லிருந்து ஓடுகிறது, பிரமாதமான விஷயம்தான். ஆனால் அன்றைக்கு மேலே மேகம் மூடியிருந்தால் இருவரும் ஒரு வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டு இறங்க வேண்டியதுதான். அங்கேயே ஒரு வாரம் இருந்தால் வானம் தெளிந்த நாளாகப் பார்த்து ஏறலாம். பேக்கேஜில் செவ்வாய்க்கிழமை என்று போட்டிருந்தால் செவ்வாய்க்கிழமைதான்.

வெனிஸ். குளிர்காலத்தில் அழகு, நான் மறுக்கவில்லை. ஆனால் பிப்ரவரியில் பெரும்பாலும் முகமூடித் திருவிழா வரும். ஈஸ்டரை ஒட்டி நாள் மாறும். அந்த இரண்டு வாரம் கூட்டத்திலும் விலையிலும் கோடைக்கு அண்ணன்.

பாரிஸ். குளிர்காலத்திலும் முழுசாக இயங்கும் ஊர், ஆகவே குற்றாலம் இல்லை. ஆனால் பிப்ரவரி 14-ஐ ஒட்டிப் போனால் உலகத்துக் காதலர்கள் எல்லோரும் அங்கேதான் இருப்பார்கள். போவதானால் அதற்கு முன்போ பின்போ போங்கள்.

ஐஸ்லாந்து. வடக்கு வானத்து ஒளி பார்க்கலாம் என்பார்கள். அதற்கு இருட்டு வேண்டும், அது தாராளமாகக் கிடைக்கும். டிசம்பர் கடைசியில் ரெய்க்யவிக்கில் பகலே நாலு மணி நேரம்தான். மேகம் இருந்தால் ஒளியும் தெரியாது. ஆறு ராத்திரியை வைத்துக்கொண்டு ஆடும் சூதாட்டம்.

இப்போது என் தப்பை ஒப்புக்கொள்கிறேன். நான் அக்காவுக்கு முதலில் சிபாரிசு செய்த ஊர் பிராக். டிரெஸ்டனிலிருந்து ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்குள் போய்விடலாம், எனக்கு ரொம்பப் பிடித்த ஊர், விலையும் குறைவு. பழைய பாலம், கோட்டை, பனி விழுந்தால் கதைப் புத்தகம் மாதிரி இருக்கும் என்று ஒரு அரை மணி நேரம் அளந்தேன். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சாயங்காலம் எத்தனை மணிக்குடா இருட்டும்?" என்றாள்.

யோசித்துப் பார்த்தேன். பிப்ரவரி நடுவில் பிராக்கில் சூரியன் மறைவது ஐந்தே கால், ஐந்தரை மணிக்குள். எனக்கு அது பழகிவிட்டது. முதல் குளிர்காலத்தில் நான்கு மணிக்கு வகுப்பு விட்டு வெளியே வந்து இருட்டைப் பார்த்தபோது வந்த அழுகையை நானே மறந்துவிட்டேன். திருச்சி வெயிலில் வளர்ந்தவளுக்கு அந்த இருட்டையும் ஜீரோ டிகிரியையும் தேனிலவு என்று கொடுப்பது சரியா? எனக்குப் பிடித்த ஊரை அவளுக்குப் பிடித்த ஊர் என்று நினைத்துவிட்டேன். பேக்கேஜ் தாள் கொடுத்தவர் செய்ததும் இதைத்தானே!

அதற்குப் பிறகு ஒரு உருப்படியான காரியம் செய்தேன். அக்காவிடமும் மாமாவிடமும் தனித்தனியாக ஒரே கேள்வி கேட்டேன். "அங்கே போய் என்ன வேணும்? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க."

அக்கா சொன்னது: "காலையில அவசரமா எந்திரிக்கக் கூடாது. கல்யாண வீட்டுல ஒரு மாசமா நாலு மணிக்கு எழுந்து எழுந்து செத்துடுவேன்."

மாமா கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னது: "பனியைக் கையால தொடணும் தம்பி. சின்ன வயசு ஆசை. சிரிக்காதீங்க."

கவனியுங்கள். ஈஃபில் டவர் என்று இருவருமே சொல்லவில்லை. ஆறு நாடு என்று யாரும் சொல்லவில்லை. இருவரும் கேட்காத எல்லாம் அந்தப் பேக்கேஜில் இருந்தது. கேட்டது இரண்டும்தான் இல்லை. தினமும் காலை ஏழரைக்குப் பெட்டியோடு பஸ் முன்னால் நிற்க வேண்டும் என்று அச்சடித்தே கொடுத்திருந்தார்கள்.

இந்த இரண்டு ஆசைக்கும் சேர்த்துப் பொருந்துகிற இடம் தேடியபோதுதான் ஸ்பெயினின் தெற்குப் பகுதி, ஆண்டலூசியா, கண்ணில் பட்டது. செவில்லா (அவர்கள் வாயில் 'செவீயா') ஊரில் கோடையில் 40 டிகிரியைத் தாண்டும். ஆகவே ஜூலையில் அதுவும் வேலூர்தான். கூட்டம் வருவது ஈஸ்டர் வாரமும் ஏப்ரல் திருவிழாவும் நடக்கும் வசந்தத்தில். பிப்ரவரியில் பகலில் 17, 18 டிகிரி, விடியற்காலையில் 7. நம்ம கொடைக்கானல் மாதிரி ஒரு ஸ்வெட்டர் போதும். அங்கே என்ன இல்லாததால் மலிவு? கூட்டமும் வெயிலும். மற்றது எல்லாம் இருக்கிறது. ஏழு லட்சம் பேர் வாழ்கிற ஊர், சுற்றுலாவுக்காகத் திறந்து மூடுகிற கடைத்தெரு இல்லை.

இன்னொரு அதிசயம் கடிகாரம். ஸ்பெயினின் பெரும்பகுதி பூகோளப்படி லண்டனுக்கும் மேற்கே தள்ளி இருக்கிறது, ஆனால் ஜெர்மனியின் நேரத்தை வைத்திருக்கிறது. அதனால் பிப்ரவரி நடுவில் செவில்லாவில் சூரியன் உதிப்பதே எட்டு மணிக்கு மேல், மறைவது கிட்டத்தட்ட ஏழு மணிக்கு. பிராக்கைவிட ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் கூடுதலாகச் சாயங்காலம். மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு, ராத்திரிச் சாப்பாடு ஒன்பது மணிக்கு. அதாவது காலையில் அவசரமாக எழுந்திருக்கக் கூடாது என்று ஒரு ஊரே முடிவு செய்து வைத்திருக்கிறது. அக்காவுக்கு இதைவிட என்ன வேண்டும்?

மாமாவின் பனிக்கு கிரனாடா. செவில்லாவிலிருந்து ரயிலிலோ பஸ்ஸிலோ மூன்று மணி நேரம். அல்ஹம்ப்ரா அரண்மனை அங்கேதான் இருக்கிறது. அதற்குப் பின்னால் சியரா நெவாடா மலை, பெயருக்கே பனிமலை என்றுதான் அர்த்தம். அதன் உச்சி முல்ஹாசென் 3,479 மீட்டர், நம்மவர்கள் அடித்துப்பிடித்துப் போகும் யுங்ஃப்ராவ் ரயில் நிலையத்தைவிட 25 மீட்டர் உயரம்! உச்சிக்கெல்லாம் போக வேண்டாம். ஊரிலிருந்து பஸ் ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் பனிச்சறுக்கு நடக்கும் இடத்துக்கே கொண்டு போய் விட்டுவிடும். காலையில் பனியைத் தொட்டுவிட்டு மதியம் ஊரில் வெயில் காயலாம்.

ஆக, செவில்லாவில் நான்கு ராத்திரி, கிரனாடாவில் இரண்டு. ஒரே ஊர் என்ற என் கொள்கையை மாமாவின் பனிக்காக விட்டுக்கொடுத்தேன். கொள்கையைவிட மாமா முக்கியம் :-)

வீட்டில் சும்மா விடுவார்களா? பெரியப்பா கேட்டார்: "ஈஃபில் டவர் பார்க்காம, சுவிஸ் பார்க்காம, என்னம்மா யூரோப்பு? நாலு பேர் கேட்டா என்ன சொல்றது?" இந்த 'நாலு பேர்' கல்யாணத்தில் மண்டபத்தையும் மெனுவையும் முடிவு செய்தார்கள், சரி. தேனிலவுக்கும் அவர்கள் வர வேண்டுமா? இருந்தாலும் பெரியப்பாவிடம் அப்படிச் சொல்ல முடியாது. "1929-ல கண்காட்சிக்குன்னு கட்டின பெரிய சதுக்கம் இருக்கு பெரியப்பா, ஸ்பெயினோட ஒவ்வொரு மாகாணத்துக்கும் ஒரு ஓட்டுச் சித்திரம் வச்சிருக்காங்க, கொலம்பஸோட கல்லறை அந்த ஊர் கோயில்லதான் இருக்கு" என்றேன். கொலம்பஸ் பெயரைக் கேட்டதும் சமாதானம் ஆகிவிட்டார்.

போகப் போகிறவர்களுக்காகச் சில நடைமுறை விஷயங்கள். ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதம் முன்பிலிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்துவிட வேண்டும். சாதாரணமாக 15 நாளில் முடிவு, சில சமயம் 45 நாள் வரை இழுக்கும். ஆகவே கல்யாணத்துக்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். அதிக நாள் எந்த நாட்டில் தங்குகிறீர்களோ அந்த நாட்டுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். கல்யாணம் ஆனதும் பெண்ணின் பெயருக்குப் பின்னால் புருஷன் பெயரைச் சேர்க்கும் அவசரம் வேண்டாம். பாஸ்போர்ட்டில் என்ன பெயரோ அதே பெயரில் விசா, அதே பெயரில் டிக்கெட். அல்ஹம்ப்ராவில் அரண்மனைக்குள் நுழைய மணிக்கணக்குப் போட்ட டிக்கெட், பாஸ்போர்ட் பார்த்துத்தான் விடுவார்கள். முன்பே வாங்கிவிடுங்கள். ஐரோப்பாவில் பல அருங்காட்சியகங்களுக்குத் திங்கள்கிழமை விடுமுறை.

சாப்பாடு. அக்கா சைவம். ஸ்பெயினில் பன்றி இறைச்சி எதிலும் எட்டிப் பார்க்கும், சூப்பின் மேலே தூவியும் கொடுப்பார்கள். ஆனால் செவில்லாவின் சொந்த ஐட்டம் ஒன்று கீரையும் கொண்டைக்கடலையும் சேர்த்துச் சீரகம் போட்டுச் செய்வது. அக்கா நான்கு நாளும் அதைத்தான் தேடித் தேடிச் சாப்பிட்டிருக்கிறாள். மாலை நாலு மணியிலிருந்து எட்டு மணி வரை பல ஹோட்டல்களில் அடுப்பு அணைந்திருக்கும், கையில் ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள். அம்மா கொடுத்தனுப்பும் பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் எல்லாம் சரி. நெய் பாட்டில் கூடாது. பால் பொருளும் இறைச்சியும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் கொண்டு வரத் தடை. தெருவெல்லாம் மரத்தில் ஆரஞ்சு தொங்கும், பறித்துத் தின்றுவிடாதீர்கள். நார்த்தங்காய் மாதிரி கசப்பு, மர்மலேடுக்குத்தான் லாயக்கு.

குளிர் பிடித்தவர்கள் என்னைத் திட்ட வேண்டாம். அவர்களுக்கு என் ஓட்டு புடாபெஸ்டுக்கு. 1913-ல் திறந்த செச்செனி குளியல் நிலையத்தில், வெளியே பனி கொட்டும்போது, திறந்தவெளித் தொட்டியில் ஆவி பறக்கும் வெந்நீரில் உட்கார்ந்திருக்கலாம். அங்கே குளிர்தான் சீசன். 'என்ன இல்லாததால் மலிவு' என்ற கேள்வியில் அதுவும் பாஸாகிவிடுகிறது.

சரி, போய் வந்தார்களே, எப்படி இருந்தது? என் திட்டத்தில் இரண்டு ஓட்டை. ஒன்று, வீட்டுக்குள் குளிர். தெற்கு ஐரோப்பாவில் வீடுகளை வெயிலைத் தடுக்கத்தான் கட்டியிருக்கிறார்கள். தரையெல்லாம் ஓடு, ஹீட்டர் பேருக்குத்தான். ஜீரோ டிகிரி டிரெஸ்டனில் என் அறை கதகதப்பாக இருக்கும், 17 டிகிரி செவில்லாவில் அவர்கள் ரூமில் சாக்ஸ் போட்டுத் தூங்கியிருக்கிறார்கள். ரூம் பிடிக்கும்போது ஹீட்டரைப் பற்றி விசாரித்துவிடுங்கள். இரண்டாவது, மழை. ஆறு நாளில் இரண்டு நாள் கொட்டித் தீர்த்துவிட்டது.

ஆனால் அந்த மழையைப் பற்றித்தான் அக்கா அதிகம் பேசினாள். மூன்றாம் நாள் மழையில் எங்கும் போகவில்லை. ரூமுக்குக் கீழே ஒரு காபிக் கடையில் மதியம் முழுக்க உட்கார்ந்திருக்கிறார்கள். பேச்சு வாக்கில் அக்காவின் வேலையைப் பற்றி வந்திருக்கிறது. மாமாவுக்கு பெங்களூரு, அக்காவுக்குத் திருச்சி. கல்யாணம் ஆனதும் அவள் வேலையை விட்டுவிட்டு வருவாள் என்று மாமா வீட்டில் எல்லோரும் பேசி வைத்திருக்கிறார்கள். அக்காவிடம் யாரும் கேட்கவில்லை. அங்கே, அந்தக் காபிக் கடையில், இருவருக்கும் முதல் சண்டை. அக்கா அழுதிருக்கிறாள். மாமா மழையில் எழுந்து போய், பாதி நனைந்து திரும்பி வந்திருக்கிறார். பிறகு மறுபடி உட்கார்ந்து, ராத்திரி வரை பேசியிருக்கிறார்கள். முடிவு? அக்கா வேலையை விடவில்லை. இடமாற்றம் கேட்டு எழுதிப் போட்டிருக்கிறாள். கிடைக்கும் வரை மாமா பதினைந்து நாளுக்கு ஒருமுறை திருச்சி வருகிறார். அவர் அம்மாவிடம் இதைச் சொன்னதும் மாமாதான்.

இந்தப் பேச்சு ஊரில், நடுக்கூடத்தில், நாலு பேர் நடுவில் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நமக்குத் தெரியும். ஆறு நாட்டுப் பஸ்ஸில் நடந்திருந்தால்? சண்டை பாதியில் நிற்க, கைடு விசில் அடிக்க, இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏறி உட்கார்ந்து, அடுத்த ஊரில் கோபுரத்தின் முன்னால் போட்டோவுக்குச் சிரித்திருப்பார்கள். மிச்சச் சண்டையை மூட்டை கட்டிக்கொண்டு வீட்டுக்குக் கொண்டு வந்திருப்பார்கள்.

அதனால் தேனிலவுக்கு ஊர் தேர்ந்தெடுக்கும்போது இன்னொரு கேள்வியும் கேட்டுக்கொள்ளுங்கள்: மழை பெய்து எங்கும் போக முடியாத ஒரு நாளை இந்தத் திட்டம் தாங்குமா? ஒரு நாள் வீணானால் மொத்தமும் கவிழ்ந்துவிடும் என்றால், அந்தத் திட்டத்தில் ஊர்கள் அதிகம், உங்கள் இருவருக்கு இடம் குறைவு.

மாமா பனியைத் தொட்டாரா என்று கேட்காமல் போகிறீர்களே? தொட்டார். கையுறை வாங்க மறந்துவிட்டார், நான் சொல்லவும் மறந்துவிட்டேன். இரண்டே நிமிஷத்தில் விரல் மரத்துப்போய் கையை அக்காவின் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு நிற்கும் போட்டோ ஒன்று இருக்கிறது. பெரியப்பா அதைத்தான் நாலு பேருக்குக் காட்டிக்கொண்டிருக்கிறார்.